விளிம்பு இழந்த வீதி

இலண்டன் மாநகரின் தென் கென்சிங்டன் பகுதியில், அருங்காட்சியகங்கள் சூழ அமைந்தது எக்சிபிஷன் சாலை. டிக்சன் ஜோன்ஸ் என்னும் கட்டடக் கலை நிறுவனத்தார் அதனைப் புதிதாக வடிவமைத்தனர். 2012 ஒலிம்பிக் விழாவுக்கு முன்னரே பணி நிறைவுற்றது. நடைபாதையின் உயரமும் வண்டிப்பாதையின் தாழ்வும் மறைந்து, ஒருபுறக் கட்டடம் முதல் மறுபுறக் கட்டடம் வரை கருங்கல் பாவிய சமதளம் உருவாயிற்று. அதன் அழகைக் குறைகூற இயலாது. ஆயினும் தெரு ஓர் ஓவியம் அன்று. நடந்து படிக்க வேண்டிய நூல்.

இத்தகைய வீதிகளுக்குப் பெரிதும் ஊக்கமளித்தவர் நெதர்லாந்துப் போக்குவரத்துப் பொறியாளர் ஹான்ஸ் மாண்டர்மன் (1945–2008). அறிவிப்புப் பலகைகளையும் எல்லைக் குறிகளையும் குறைத்தால் ஓட்டுநர் விழிப்படைவார். நடப்பவரும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி வழிவிடுவர் என்பது அவர் துணிபு. மனிதப் பண்பை நம்பும் உயர்ந்த கருத்தே இது. ஆனால் கண்ணும் கண்ணும் பேசிக்கொள்ளும் அவ்வுரையாடலில் பார்வையற்றவருக்கு இடம் எங்கே?

வெண்கோல் ஊன்றி நடப்பவருக்கு நடைபாதை விளிம்பு வெறும் கல் அன்று. 'இங்கே நில்' என்னும் சொல். அதை நீக்குவது நூலின் முற்றுப்புள்ளிகளை அழிப்பதற்கு ஒப்பாகும். எல்லையை உணர்த்த வரிக்கற்கள் பதிக்கப்பட்டன என்பது உண்மையே. எனினும், மொழியை அழித்துவிட்டு ஓரத்தில் குறிப்பெழுதுவது போன்றதே அது.

ஜப்பானியர் செய்யிச்சி மியாகே சென்ற பாதை வேறு. 1965-இல் அவர் கண்டுபிடித்த புடைப்புக் கற்கள், 1967 மார்ச் 18 அன்று ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி அருகே முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இன்று வழக்கிலுள்ள முறையில் புள்ளிகள் 'கவனம்' என்றும், நீள்கோடுகள் 'செல்' என்றும் பாதத்திற்கு உரைக்கின்றன. சென்னை மெட்ரோ நிலையங்களின் மஞ்சள் ஓடுகள் அம்மரபின் வழிவந்தவையே.

பார்வையற்றவரான ஹோம்ஸ் பிரபு 2015-இல் பிரிட்டனில் வெளியிட்ட ஆய்வில், பதிலளித்தோருள் 63 விழுக்காட்டினர் இத்தகைய பொதுவெளி வீதிகளில் தம் அனுபவம் மோசமானது என்றனர். மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் அவ்வீதிகளை வேண்டுமென்றே தவிர்த்தனர். 2018-இல் அந்நாட்டு அரசே, சமதள வீதித் திட்டங்களை நிறுத்திவைக்குமாறு உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது.

தவிர்த்தல் என்னும் அச்சொல்லில்தான் முழு இழப்பும் அடங்கியுள்ளது. விபத்து நேர்ந்தால் கணக்கில் ஏறும்; அஞ்சி வீட்டிலேயே தங்கிவிட்டவர் எக்கணக்கிலும் ஏறார். அவர் தனியே புறப்பட்டு வரத் துணியும் வீதியே நிறைவுற்ற படைப்பு.