கடைக்குச் செயலி தேவையா? மிந்த்ராவின் ஓராண்டை முன்வைத்து

2015 மே 15 அன்று மிந்த்ரா தன் இணையதளத்தை மூடியது. உடை வாங்க வேண்டுமா, செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் என்றது. கைபேசி உலாவியில் திறக்கும் தளத்தை அதற்கு முன்பே நிறுத்தியாயிற்று. கணினியில் முகவரியைத் தட்டியவருக்கும் இனிக் கடை இல்லை. ஓராண்டு முடிவதற்குள் கைபேசித் தளம் திரும்பி வந்தது. 2016 ஜூனில் கணினித் தளமும் வந்தது.

இந்திய இணைய வணிகத்தில் இதைவிடப் பெரிய சறுக்கல்கள் உண்டு. ஆனால் கடைக்காரர் ஒருவர் சொந்தச் செயலி கட்டலாமா என்று யோசிக்கும்போது இதைவிடத் தெளிவான சோதனை கிடைக்காது. மற்ற வாசல்களையெல்லாம் தானே அடைத்துவிட்டு, செயலியால் மட்டும் கடை ஓடுமா என்று ஒரு பெரிய நிறுவனம் தன் சொந்தக் காசில் பார்த்திருக்கிறது.

முடிவெடுத்தவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. 2007-இல் பெங்களூரில் பெயர் பொறித்த பரிசுப் பொருள்களை விற்கத் தொடங்கி, பிறகு உடைகளுக்கு மாறி, 2014-இல் ஃபிளிப்கார்ட்டின் கைக்குப் போன நிறுவனம் அது. தளத்துக்கு வருவோரில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் கைபேசியில்தான் வருகிறார்கள், விற்பனையில் ஏறத்தாழ 70 விழுக்காடு கைபேசியில்தான் நடக்கிறது என்று அப்போது கணக்குக் காட்டினார்கள். இரண்டு தளங்களையும் செயலியையும் சேர்த்துப் பராமரிப்பதைவிட எல்லாப் பொறியாளர்களையும் ஒரே இடத்தில் குவிக்கலாம். கையோடு இருக்கும் கருவி என்பதால் ஒவ்வொருவரின் ரசனையையும் கூர்ந்து அறியலாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருகையில் 90-க்கு மேல், விற்பனையில் 70 என்றால், மீதி என்ன ஆயிற்று? வருகையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத கணினிப் பக்கம் விற்பனையில் கிட்டத்தட்ட 30 விழுக்காட்டைக் கொடுத்திருக்கிறது. ஒரு கைபேசி வருகை தந்த வியாபாரத்தைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கை ஒரு கணினி வருகை தந்திருக்கிறது. பேருந்தில் புரட்டிப் பார்த்த குர்தாவை அலுவலகக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்து வாங்கியவர்களும் அதில் இருப்பார்கள்; வருகைக் கணக்கில் கைபேசியை வீங்கச் செய்தவரும் விற்பனைக் கணக்கில் கணினியைத் தூக்கிப் பிடித்தவரும் ஒரே ஆளாக இருக்கலாம். கைபேசி வென்றுவிட்டது என்பதற்கு ஆதாரமாகக் காட்டிய எண்களே, கணினியை மூடக் கூடாது என்பதற்கும் ஆதாரம். தளத்தைத் திரும்பத் திறந்தபோது சொன்ன காரணங்களுள் ஒன்று, வாடிக்கையாளர்கள், குறிப்பாகப் பெண்கள், பல வழிகளிலும் வாங்க விரும்புகிறார்கள் என்பது. கணக்கைச் சரியாகப் படித்திருந்தால் மூடும் முன்பே தெரிந்திருக்கும்.

தாய் நிறுவனம் சற்று விரைவாகப் பாடம் படித்தது. 2015-இன் தொடக்கத்தில் தன் கைபேசித் தளத்தை மூடிய ஃபிளிப்கார்ட், அதே ஆண்டு நவம்பரில் கூகுளோடு சேர்ந்து ‘ஃபிளிப்கார்ட் லைட்’டைக் கொண்டுவந்தது. உலாவியில் திறக்கும் தளம்தான். ஆனால் ஒருமுறை வந்தவரின் கைபேசியில் தன் எலும்புக்கூட்டைச் சேமித்து வைத்துக்கொள்ளும், இணைப்பு அறுந்தாலும் வெற்றுத் திரை காட்டாது, முகப்புத் திரையில் சின்னமாகவும் உட்காரும். இதன் பயனர்களில் 63 விழுக்காட்டினர் 2ஜி இணைப்பில் வந்தார்கள் என்றும், முகப்புச் சின்னம் வழியே வருவோர் மற்றவர்களைவிட 70 விழுக்காடு கூடுதலாக வாங்குகிறார்கள் என்றும் கூகுள் வெளியிட்டது. இரண்டாவது எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை. சின்னத்தை முகப்பில் வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பிடித்தவர் கூடுதலாக வாங்குவதில் வியப்பென்ன? சின்னம் அவரை வாங்க வைத்ததா, வாங்குகிற மனம் சின்னத்தை வைக்கச் சொன்னதா என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை. செயலி விற்பவர்கள் நீட்டுகிற ‘செயலி வாடிக்கையாளர் அதிகம் வாங்குகிறார்’ என்ற அட்டவணைக்கும் இதே ஓட்டைதான். முதல் எண்தான் முக்கியம்: செயலியை இறக்கப் பொறுமையும் தரவும் இல்லாத ஒரு கூட்டம் வாசலில் நின்றிருந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, தரவு விலை சரிந்தது, கைபேசிகளும் பெருத்தன. மிந்த்ரா தவறவில்லை, சற்று முந்திவிட்டது, அவ்வளவுதானே? தரவு விலையைப் பொறுத்தவரை மறுப்பு சரி. ஆனால் தரவு மலிந்த பிறகும் மிந்த்ரா தன் இணையதளத்தை மூடவில்லை. கூகுளில் ‘நீல நிற லினன் சட்டை’ என்று தேடுகிறவர், தோழி அனுப்பிய இணைப்பைத் தட்டுகிறவர், இவர்களுக்கெல்லாம் தடை தரவு மட்டுமல்ல. பெயர் தெரியாத கடைக்குள் எட்டிப் பார்க்க ஒரு மென்பொருளை நிறுவச் சொல்வது, தரவு இலவசமானாலும் அதிகப்படியான கோரிக்கை.

ஆகவே என் அளவுகோல் ஒன்றே: ஒரே ஆள் ஓராண்டில் எத்தனை முறை கடைக்கு வருகிறார்? பிளிங்கிட், செப்டோ போன்றவற்றில் பாலும் முட்டையும் வாரத்துக்குப் பல முறை போகின்றன. அங்கே செயலி இல்லாமல் முடியாது. மளிகை, மருந்து இரண்டுக்கும் அப்படியே. மிந்த்ராகூட இந்த அளவுகோலில் தேறும். அது செயலி கட்டியது சரி, மற்றதை மூடியதுதான் பிழை. தீபாவளிக்கு ஒருமுறை, கல்யாணத்துக்கு ஒருமுறை என்று வாடிக்கையாளர் வரும் ஜவுளிக்கடையின் கதை வேறு. மாதக்கணக்கில் திறக்காத செயலி, ‘இடம் போதவில்லை’ என்று கைபேசி அலறும் நாளில் முதலில் நீக்கப்படும்.

செலவும் பெரும்பாலோர் நினைக்கும் இடத்தில் இல்லை. ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர், கூகுளுக்கு ஒருமுறை 25 டாலர். ரியாக்ட் நேட்டிவ், ஃபிளட்டர் வந்தபின் ஒரே நிரலில் இரண்டு வகைக் கைபேசிக்கும் திரைகளைச் செய்துவிடலாம். திரைக்குப் பின்னால்தான் பணம் கரைகிறது. கைத்தறிப் பட்டில் ஒரு நிறம், ஒரு புட்டா, ஒரே ஒரு சேலைதான் இருக்கும். கவுண்டரில் அது விற்ற மறுநிமிடமே செயலியிலும் ஸ்டாக் கழிய வேண்டும். இல்லையென்றால் இல்லாத சேலைக்குப் பணம் வாங்கிவிட்டுத் திருப்பித் தர நேரும். பில்லிங் மென்பொருள், கிளைகளின் இருப்பு, ஒவ்வொரு சேலைக்கும் படம், கேஷ் ஆன் டெலிவரியில் திரும்பி வரும் பொட்டலங்கள் இவற்றைச் சீராக்கினால் இணையதளமும் செயலியும் ஒரே அடித்தளத்தில் ஓடும். சீராக்காவிட்டால் அழகான செயலி கடையின் குளறுபடியை ஊருக்கே காட்டும். போதாக்குறைக்கு, ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புகளுக்கு ஏற்பத் திருத்தாத செயலியைப் புதிய கைபேசிக்காரர்களின் பிளே ஸ்டோரிலிருந்து கூகுள் மறைத்துவிடும். ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடுகிற காரியமல்ல இது.

செயலி விற்பவர்களின் கடைசி ஆயுதம் அறிவிப்பு: எந்நேரமும் வாடிக்கையாளரின் கைபேசியைத் தட்டலாம் என்பார்கள். அந்த ஆயுதமும் முன்போல் கூர்மையாக இல்லை. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்பு அனுப்ப அங்கும் அனுமதி கேட்டாக வேண்டும். ஐபோனில் எப்போதுமே அப்படித்தான். 2023 மார்ச்சில் ஐஓஎஸ் 16.4 வந்த பிறகு, முகப்புத் திரையில் சேர்த்த இணையதளமே ஐபோனுக்கு அறிவிப்பு அனுப்ப முடியும். ‘எங்கள் செயலியை இறக்குங்கள்’ என்று தளத்தில் திரும்பத் திரும்ப நச்சரிப்பதையோ, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் ஏமாற்று உத்திகளுக்கான உதாரணங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கின்றன.

நடுத்தர ஜவுளிக்கடைக்கு என் தீர்ப்பு: வேகமான இணையதளம் முதலில், வாட்ஸாப் பிசினஸில் சரக்குப் பட்டியல் அடுத்து, செயலி கடைசியில் அல்லது இல்லவே இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. நகை வாங்குவதும் ஆண்டுக்கு ஒருமுறைதான்; என் அளவுகோலின்படி நகைக்கடைக்குச் செயலி வீண். ஆனால் நகைச் சேமிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர் மாதாமாதம் தவணை கட்டுகிறார். முன்பணம் வாங்கினால் 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்தாக வேண்டும் என்ற வரம்பால் அது பெரும்பாலும் 11 தவணையாக இருக்கும். பதினொரு முறை திறக்கக் காரணம் இருக்கும் அந்தச் செயலி கைபேசியில் தங்கும். இதை வைத்துத் தானும் செயலி கட்டலாம் என்று நினைக்கும் ஜவுளிக்கடைக்காரர், அப்படியொரு மாதாந்திர வேலை தன் கடையில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லட்டும். கொட்டேஷனை அதற்குப் பிறகு பார்க்கலாம்.