புகையைப் பார்த்து நோயறிதல்

சம்மாந்துறை நெல்லைச் சுமந்துகொண்டு மகியங்கனைக்கு அப்பாலுள்ள பதினெட்டு வளைவுகளில் ஏறித் திணறிவிட்டுத் திரும்பிய லொறியொன்று கல்முனைக் கராஜில் வந்து நிற்கும்போது, அனுபவஸ்தரான மெக்கானிக் முதலில் ஸ்பானரைத் தேடுவதில்லை. "காக்கா, ஒருக்கா ரேஸ் பண்ணுங்க" என்று சாரதியிடம் சொல்லிவிட்டு, வைத்தியர் நாடி பார்க்கும் சிரத்தையோடு புகையைப் பார்க்கிறார். கரும்புகையாயின் டீசலுக்குப் போதிய காற்று கிட்டவில்லை. நெற்தூசி அடைத்த ஏர் ஃபில்டரே அதற்குக் காரணமாயிருக்கலாம். (ஃபில்டரை மாற்றாமல் பம்பைக் கழற்றச் சொல்லும் முதலாளிமாரும் உண்டு!) நீலமாயின் எஞ்சின் ஒயில் எரிகிறது, சூடேறிய பின்பும் வெண்புகை நீங்காவிடின் டீசல் சரிவர எரியவில்லை, அல்லது தண்ணீர் உட்புகுந்துள்ளது.

1897 இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடோல்ஃப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இயந்திரத்தில் தீப்பொறிக்கு வேலையில்லை. அழுத்தத்தால் கொதிப்பேறிய காற்றே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஆதலால் அழுத்தம் குன்றிய சிலிண்டர் சக்தியும் குன்றும். அதைக் கண்டறியும் பழைய உபாயமே என் ரசனைக்கு மிக உகந்தது: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தினால், நல்ல சிலிண்டராயின் ஓசை தடுமாறும், எதைத் தளர்த்தியும் ஓசை மாறவில்லையோ, அதற்குரிய சிலிண்டரே பழுதானது.

இன்றைய கொமன் ரெயில் எஞ்சின்களில் எரிபொருளின் அழுத்தம் 1000 பாருக்கும் மேற்பட்டுத் தோலைத் துளைக்க வல்லது. அங்கே மட்டும் தயவுசெய்து நட்டில் கை வைக்காதீர்கள்.