காட்சிக்கு வைக்கப்பட்ட நெய்தல்
‘ஒருநாள் பயண’ எழுத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

‘ஒருநாள் பயணம்’ என்று ஒரு எழுத்து வகைமை தமிழில் நிலைபெற்றுவிட்டது. நாளிதழ்களின் ஞாயிறு இணைப்பிலும் வார இதழ்களின் கோடை விடுமுறைப் பக்கங்களிலும் இது தவறாமல் வருகிறது. நம்முடைய விமர்சகர்கள் இதைப் படிப்பதில்லை, படித்தாலும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. நாவலையும் கவிதையையும் கட்டுடைக்கிறவர்களுக்கு ‘வாரக் கடைசியில் எங்கே போகலாம்’ என்கிற அரைப்பக்கக் குறிப்பு பிரதியாகவே தெரிவதில்லை. ஆனால் நாம் கொண்டாடுகிற எந்தச் சிறுகதையையும்விட அதிகம் பேர் படிக்கிற பிரதி இதுதான். ஒரு ஊரில் எதைப் பார்க்கணும், எதைப் பார்க்காமல் விடணும் என்று நகரத்து நடுத்தர வர்க்கத்துக்குக் கற்றுக்கொடுக்கிற பாடப்புத்தகம் இது. ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

சென்னைக்காரர்களுக்காக எழுதப்படும் இத்தகைய குறிப்புகளில் அடிக்கடி இடம்பெறும் ஊர் பழவேற்காடு. நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். யார் எழுதினாலும் வரிசை மாறாது: விடிகாலையில் பொன்னேரி வழியாகப் போய்ச் சேர்வது, டச்சுக் கல்லறைத் தோட்டம், ஏரி, பூநாரைகள், படகு, வறுத்த மீன், பொழுது சாய்வது, வீடு திரும்புவது. பரபரப்பான நகர வாழ்க்கையிலிருந்து கிடைக்கிற ஒரு நாள் விடுதலை என்பது இந்த வரிசைக்குச் சொல்லப்படும் நியாயம். களைத்துப்போன மனிதர் ஓய்வு தேடுவதில் குற்றமில்லை. அம்பத்தூரில் வாரம் ஆறு நாள் மெஷினோடு மல்லுக்கட்டுகிற தொழிலாளி ஏழாம் நாள் பிள்ளைகுட்டிகளோடு ஏரிக்கரையில் உட்கார்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பயணம் போகிறவரைப் பற்றியதல்ல இங்கே பேச்சு. அவர் கையில் கொடுக்கப்படுகிற பிரதியைப் பற்றியது.

இந்தப் பிரதியின் இலக்கணத்தைக் கவனியுங்கள். ஏரி ‘விரிந்து கிடக்கிறது’. பறவைகள் ‘வருகின்றன’. படகுகள் ‘அசைகின்றன’. மீன் ‘கிடைக்கும்’. எல்லாமே தன்வினை. யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் தானாகவே நடக்கிறது. மீன் ‘கிடைக்கும்’ என்கிற ஒற்றைச் சொல்லில் வலை, வலை போட்ட கை, கை பிடித்த கடன், கடன் கொடுத்த ஏலக்காரர், தலைச்சுமையாக மீனைக் கொண்டுபோய் விற்கிற பெண் எல்லாரும் காணாமல் போய்விடுகிறார்கள். மனிதர்கள் வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான். தூரத்தில், சூரியன் இறங்குகிற நேரத்தில், நிழலுருவமாக வலை வீசுகிற ஒரு ஆள். அவருக்கு முகம் கிடையாது. முகம் தெரிந்தால் காட்சி கெட்டுப்போய்விடும்.

அந்த நிழலுருவத்துக்கு முகம் கொடுத்தால் என்ன தெரியவரும்? முதலில் ‘பாடு’ என்கிற சொல் தெரியவரும். பழவேற்காடு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் இடங்கள் பாடு என்கிற முறையில் பங்கிடப்பட்டிருக்கின்றன. குறிப்பிட்ட குப்பங்கள், அவற்றுக்குள் தலைக்கட்டுகள், ஒவ்வொருவருக்கும் முறை. இன்றைக்கு உனக்கு நல்ல இடம் என்றால் நாளைக்கு இன்னொருத்தனுக்கு. வலுத்தவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்கிற ஏற்பாடு இது. அரசாங்கமோ பல்கலைக்கழகமோ வந்து சொல்லிக்கொடுத்ததல்ல. பொதுச் சொத்தைப் பொறுப்பாக நிர்வகிக்க ஏழைகளுக்குத் தெரியாது என்று சொல்கிற பொருளாதார மேதைகளுக்கு இது ஒரு நேரடியான பதில். ஆய்வாளர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். சுற்றுலாக் குறிப்பில் மட்டும் இதற்கு ஒரு வரி கிடையாது. அங்கே ஏரி என்பது தண்ணீர், தண்ணீர் என்பது நீலம், அவ்வளவுதான்.

பாடு என்றவுடன் கிராமத்துச் சமத்துவம், ஆதிப் பொதுவுடைமை என்று நாம் உருகிவிடவும் வேண்டாம். பாட்டுக்கு உரியவர்கள் பட்டினவர் சாதியைச் சேர்ந்த தலைக்கட்டுகள். தலைக்கட்டு என்றால் ஆண். மற்ற சாதிக்காரர்களுக்கு அந்த இடங்களில் உரிமை இல்லை. கடைசி வரிசையில் இருளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வலையும் இல்லை, படகும் இல்லை. பழவேற்காட்டிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் இருளப் பெண்கள் மணிக்கணக்காக இடுப்பளவுத் தண்ணீரில், சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள், ஏனென்றால் இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலையில் இருக்கிறது. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான் என்று குறிப்பேடுகள் சொல்கின்றன. ‘ஆழம் குறைவு, பயப்பட வேண்டாம்’ என்று பயணிக்கு ஆறுதலாகச் சொல்லப்படுகிற அதே ஆழம்தான் இந்தப் பெண்களின் பிழைப்பு நடக்கிற தளம். ஆகவே காட்சியைக் கலைத்துவிட்டுப் பார்க்கும்போது தெரிவது தூய்மையான ‘மக்கள்’ அல்ல. உரிமை உள்ளவர், இல்லாதவர் என்று பிளவுபட்டுக் கிடக்கிற ஒரு சமூகம்.

இடத்தைக் காட்சியாக மாற்றுகிற இந்தப் பார்வை எங்கிருந்து வருகிறது? ஆங்கிலத்தில் நிலக்காட்சியைக் குறிக்கும் ‘லேண்ட்ஸ்கேப்’ என்கிற சொல் டச்சு ஓவியர்களின் ‘லாண்ட்ஸ்காப்’ என்பதிலிருந்து 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடன் வாங்கப்பட்டது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1602. அது பழவேற்காட்டில் கால் ஊன்றியது 1610. கெல்ட்ரியா கோட்டை எழுந்தது 1613. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நிலத்தைச் சட்டம் போட்டு மாட்டிப் பார்க்கிற கண்ணும், தூரதேசத்து நிலத்தைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றுகிற கையும் ஒரே சமூகத்தில், ஒரே காலத்தில் வளர்ந்தவை என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியான ‘நாடும் நகரமும்’ நூலில் இங்கிலாந்தை வைத்து இதைத்தான் விளக்கினார்: உழைக்கிறவருக்கு நிலம் காட்சியாகத் தெரிவதில்லை, உழைப்பிலிருந்து விலகி நின்று பார்க்கிறவருக்குத்தான் அது காட்சியாகிறது.

டச்சுக் கல்லறைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், உள்ளே எழுத்தும் சின்னங்களும் செதுக்கிய கல் பலகைகள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். பயணக் குறிப்புகள் இதை ‘காலத்தில் உறைந்த அழகு’ என்கிற தொனியில் எழுதுகின்றன. உறைந்துபோனது யாருடைய காலம்? பழவேற்காடு அன்றைக்குச் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறுகிறவரை அப்படித்தான். இங்கிருந்து துணி போனது. அந்தத் துணியைக் கொடுத்துக் கிழக்கத்தியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். துணியோடு மனிதர்களும் போனார்கள். 1620களில் தொடங்கி, பஞ்சம் தலைவிரித்தாடிய ஆண்டுகளில் தரகர்கள் வாங்கிக்கொடுத்த ஆயிரக்கணக்கான ஆண்கள், பெண்கள், குழந்தைகள் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு, இன்றைக்கு ஜகார்த்தா என்று சொல்கிற படேவியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கம்பெனி அதிகாரிக்குக் கல்லறை இருக்கிறது, கல்லில் பெயர் இருக்கிறது. கப்பலேற்றப்பட்டவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. ‘அழகிய கல்லறை’ என்று ஒருத்தர் எழுதும்போது இந்தக் கணக்கு அப்படியே முடிக்கப்பட்டுவிடுகிறது.

துணியை நெய்தவர்கள்? அவர்களுடைய அடையாளம் ஒரு சொல்லில் மிஞ்சியிருக்கிறது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் ‘கைன் பெலிகாட்’ என்றுதான் பெயர். பெலிகாட் என்பது பழவேற்காடு. பினாங்கில் தொழுகைக்குப் போகிற ஒருவர் இடுப்பில் கட்டியிருக்கிற இந்த ஊரின் பெயர், சென்னையிலிருந்து போகிற பயணியின் கையேட்டில் பறவையாக மட்டும் இருக்கிறது.

இந்த இடத்தில் தமிழ்ப் படித்தவர்கள் ஒரு ஆட்சேபணை எழுப்பக்கூடும். லேண்ட்ஸ்கேப் மேற்கத்திய சமாச்சாரம், நம்மிடம் திணை இருக்கிறது, நெய்தலில் நிலமும் மனிதரும் பிரிக்கப்படவில்லை என்பார்கள். திணைக் கோட்பாட்டை மாற்றாக முன்வைக்கும் கட்டுரைகள் நிறைய வந்தாயிற்று. ஆனால் நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் இலக்கணத்தைப் புரட்டிப் பாருங்கள். கருப்பொருள் 14. தெய்வம், புள், விலங்கு, ஊர், நீர், பூ, மரம், உணவு, பறை, யாழ், பண் ஆகியவற்றோடு அந்த நிலத்து ‘உயர்ந்தோர்’, ‘அல்லோர்’ என்று மனிதர்களும் அந்தப் பட்டியலில் வரிசையாக வைக்கப்படுகிறார்கள். நெய்தலில் நுளையரும் பரதவரும் அளவரும் அப்படி வருகிறவர்கள்தான். உரிப்பொருள் தலைவனுக்கும் தலைவிக்கும். அவர்களுடைய இரங்கலுக்குப் பின்னணியாக நாரை, புன்னை, பரதவர். மீனவர் நிழலுருவமாக்கப்பட்டது ஞாயிறு இணைப்பில்தான் என்று எண்ணவேண்டாம். நம் மரபிலேயே அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஒரு வித்தியாசம் உண்டு. நம்பியின் பட்டியலில் பதினான்காவதாகத் ‘தொழில்’ இருக்கிறது. ஒருநாள் பயணக் குறிப்பில் அதுவும் இல்லை.

சரி, ஒரு அரைப்பக்கக் குறிப்பு நாலு பேரைப் பின்னணியாக்கினால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். ராக்கெட் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஸ்ரீஹரிகோட்டா 1969இல் ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே வாழ்ந்த ஏனாதிகளும் மீனவர்களும் இடம்பெயர வேண்டியதாயிற்று. இன்றைக்கு ஏவுதல் நடக்கும் நாளில் பழவேற்காட்டுக் கரை ‘பார்வையிடச் சிறந்த இடம்’. அன்றைக்கு மீனவர்களுக்குக் கடலில் போக அனுமதி இல்லை. ஒருத்தருடைய காட்சி நாள் இன்னொருத்தருடைய பட்டினி நாள். அதேபோல 2011 டிசம்பர் 25 அன்று உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு படகுச் சவாரிக்குத் தடை வந்தது. பிரதி காட்டிய அமைதியான நீலத்துக்குள் முகத்துவார நீரோட்டம் இருந்தது. அதைத் தெரிந்தவர்களின் அறிவுக்கு அந்தப் பிரதியில் இடமில்லை.

இன்னும் பெரிய விஷயம் துறைமுகம். ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தை 2018இல் அதானி குழுமம் வாங்கியது. சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,100 ஏக்கருக்கும் மேலாக அதை விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. மக்கள் எதிர்ப்புக்கு நடுவே 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது, 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டதும் ரத்தானது. கடற்கரையை ஆளில்லாத வெளியாகப் பார்க்கிற பார்வை இங்கேயும் வேலை செய்கிறது. பயணக் குறிப்புக்கு அது ‘மாசுபடாத அமைதி’, திட்ட வரைபடத்துக்குப் ‘பயன்படுத்தப்படாத நிலம்’. இரண்டிலும் வலை காயப்போடுகிற மணல் இல்லை, பாடு இல்லை, இறால் துழாவுகிற சேறு இல்லை. ஆளில்லாத இடம் என்று ஆயிரம் முறை படித்துப் பழகிய கண்ணுக்கு, அங்கிருந்து ஆட்களை அகற்றுவது அகற்றுவதாகவே தெரியாது.

இதைத் துறைமுகத்தை எதிர்க்கிற நம்மிடமும் கேட்கவேண்டியிருக்கிறது. நம்முடைய துண்டறிக்கைகளின் முகப்பில் என்ன படம் இருக்கிறது? பூநாரை. ‘எழில்மிகு பழவேற்காட்டைக் காப்போம்’ என்று எழுதும்போது நாமும் அதே ஞாயிறு இணைப்பின் மொழியைத்தான் கடன் வாங்குகிறோம். நகரத்து மனசாட்சியைத் தொட அது உதவும் என்பது நமது கணக்கு. ஆனால் அழகு என்கிற வாதம் எதிராளிக்கும் கைவரும். துறைமுகத்தைக் கட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே ஒரு பறவைப் பூங்காவும் நடைபாதையும் போட்டுக் கொடுத்தால் அழகு பாதுகாக்கப்பட்டுவிட்டது. பாடு போய்விடும், பறி கவ்விய பெண் போய்விடுவார், ஆனால் காட்சி இருக்கும். பூநாரை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இரை தேடுவது எந்தச் சேற்றிலோ அந்தச் சேற்றில்தான் இருளப் பெண்ணும் இறால் தேடுகிறார். முகத்துவாரம் மணலடைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் பட்டினி. இதைச் சொல்லாமல் பறவையை மட்டும் தனியே வெட்டி எடுத்து ஒட்டுவது போராட்ட எழுத்து ஆகாது.

பழவேற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள், சுற்றுலாப் பக்கமானாலும் துண்டறிக்கையானாலும், ஒரு எளிய சோதனையைச் செய்து பார்க்கலாம். எழுதிய பக்கத்தில் எத்தனை வினைச்சொற்களுக்கு மனிதர் எழுவாயாக இருக்கிறார் என்று எண்ணிப் பார்ப்பது. வலை கட்டுகிறவர் யார், முறை யாருடையது, முறையே இல்லாதவர் யார் என்று அந்தப் பக்கம் சொல்கிறதா என்று பார்ப்பது. பாடு என்றால் தமிழில் முறை மட்டுமல்ல, உழைப்பும்தான், படுகிற துன்பமும்தான். இந்த மூன்று பொருளும் இல்லாமல் எழுதப்படுகிற எந்த நெய்தலும், அதை யார் எழுதினாலும், விற்பனைக்குத் தயாராக இருக்கிற நிலம்.