கல்லும் காட்சியும்: அல்சூர் வள்ளுவர் சிலையும் மாறும் நகரவெளியும்

முன்னுரை

கல் நாட்டி ஒருவரை நினைவில் நிறுத்தும் வழக்கம் தமிழ் மரபில் தொன்மையானது. தொல்காப்பியப் புறத்திணையியல் அதனைப் படிநிலைகளாக வகுத்துரைக்கிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் அப்படிநிலைகளையே காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து எனக் காதைப் பெயர்களாகக் கொண்டு அமைகிறது. இவ்வரிசையில் கல்லை நடுதல் இறுதி நிலை அன்று. அதன் பின்னரே வாழ்த்து இடம்பெறுகிறது. நட்ட கல் மக்கள் கூட்டத்தின் நடுவே தொடர்ந்து பொருள்பெற வேண்டும் என்னும் கருத்து இவ்வைப்பு முறையில் அடங்கியுள்ளது.

இக்கருத்தை அளவுகோலாகக் கொண்டு, பெங்களூரு அல்சூர் ஏரியின் அருகே நிற்கும் திருவள்ளுவர் சிலையினையும், அதனைச் சூழ்ந்து மாறிவரும் நகரவெளியினையும் இக்கட்டுரை ஆராய்கிறது. வணிகக் கட்டடங்கள் பெருகும் நகரத்தில் பொதுவெளிக் கலையைப் பாதுகாத்தல் என்பதன் உண்மைப் பொருள் யாது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா ஆகும்.

மர்பி டவுனும் அல்சூரும்

பெங்களூருத் தண்டுப் பகுதியில், அல்சூர் ஏரிக்குக் கிழக்கே அமைந்தது மர்பி டவுன். முன்னாளில் நாக்ஸ்பேட்டை என வழங்கிய இப்பகுதி உழைக்கும் மக்களின் குடியிருப்பாகத் திட்டமிட்டு அமைக்கப்பட்டது. பின்னர் மர்பி என்னும் பொறியாளரின் பெயரைப் பெற்றது. பழைய பெயரும் புதிய பெயரும் ஆங்கில ஆட்சியைச் சார்ந்தோரின் பெயர்களே. அங்கு வாழ்ந்த மக்களின் மொழியோ தொழிலோ இவ்விரு பெயர்களிலும் பதிவாகவில்லை.

எனினும் இவ்வட்டாரத்தில் தமிழின் இருப்பு தண்டு காலத்தில் தோன்றியதன்று. அருகிலுள்ள தொம்மலூர்ச் சொக்கநாதசாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பி.எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் தமிழ்க் கல்வெட்டுகள் பல இடம்பெற்றுள்ளன. 1950இல் தோன்றிய பெங்களூருத் தமிழ்ச் சங்கமும் அல்சூர் ஏரிக்கரையை ஒட்டியே இயங்கி வருகிறது. கல்வெட்டில் பதிந்த மொழி, பேச்சிலும் சங்கத்திலும் தொடர்ந்த ஒரு நிலப்பரப்பு இது. நிலப்பெயரில் இடம்பெறாத ஒரு மக்கள் தொகுதி பொதுவெளியில் தானே முன்வந்து எழுப்பிய அடையாளம் என்னும் வகையில் வள்ளுவர் சிலை தனிச்சிறப்புப் பெறுகிறது.

மூடப்பட்ட பதினெட்டு ஆண்டுகள்

தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் உருவான இச்சிலை 1991இல் திறக்கப்பட இருந்தது. கன்னட அமைப்புகள் சிலவற்றின் எதிர்ப்பினால் திறப்பு தடைப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் காவிரிச் சிக்கலை ஒட்டி மூண்ட வன்முறை, சிலையின் சிக்கலை மேலும் இறுக்கியது. சிலை நின்ற இடத்திலேயே மூடப்பட்ட நிலையில் 18 ஆண்டுகள் இருந்தது. 2009 ஆகஸ்டு 9 அன்று அப்போதைய தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி, கருநாடக முதலமைச்சர் பி.எஸ். எடியூரப்பாவின் முன்னிலையில் சிலையைத் திறந்து வைத்தார். நான்கு நாள்களுக்குப் பின், ஆகஸ்டு 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையை எடியூரப்பா திறந்து வைத்தார்.

இந்நிகழ்வு பெரும்பாலும் இரு மாநில அரசியல் நல்லிணக்கமாகவே பேசப்பட்டது. கலை நோக்கில் இதற்கு வேறொரு முதன்மை உண்டு. வஞ்சிக் காண்டத்தின் வரிசையில் கூறுவதாயின், இங்கு நடுதலுக்கும் வாழ்த்துக்கும் இடையே 18 ஆண்டுகள் இடைவெளி விழுந்தது. அக்காலம் முழுவதும் சிலை சிதைக்கப்படவில்லை, பெயர்க்கப்படவும் இல்லை. பருப்பொருள் என்ற அளவில் அது காக்கப்பட்டே இருந்தது. ஆயினும் அதனைப் பாதுகாக்கப்பட்ட கலைப்படைப்பு என எவரும் கூறார். காணப்படாத சிலை தன் பணியைச் செய்வதில்லை. கல்லைக் காப்பதும் சிலையைக் காப்பதும் வேறுவேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

மறைத்தலின் புதிய வடிவம்

திரையிட்டு மறைத்தல் வெளிப்படையான செயல். அதனை எதிர்க்கலாம், பேசித் தீர்க்கலாம். ஒரு நாளில் திரையை விலக்கவும் கூடும். நகர வளர்ச்சி நிகழ்த்தும் மறைத்தல் அத்தகையதன்று. 2011 அக்டோபர் 20 அன்று பையப்பனஹள்ளி முதல் மகாத்மா காந்தி சாலை வரையிலான மெட்ரோ இரயில் தடம் திறக்கப்பட்டது. சுவாமி விவேகானந்தர் சாலை, அல்சூர், டிரினிட்டி ஆகிய நிலையங்கள் மர்பி டவுனையும் அல்சூரையும் சூழ்ந்தே அமைந்தன. போக்குவரத்து வசதி பெருகும் இடத்தில் நிலமதிப்பு உயர்வதும், தாழ்ந்த கூரை வீடுகளின் இடத்தில் அடுக்குக் கட்டடங்கள் எழுவதும் எந்த நகரிலும் காணும் இயல்பு. டிரினிட்டி சந்திப்பின் அருகே ஒரு தலைமுறையினரின் நினைவில் நின்ற லிடோ திரையரங்கின் இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. மகாத்மா காந்தி சாலையின் பிளாசா திரையரங்கு இருந்த இடம் மெட்ரோவுக்கு உரியதாயிற்று.

இம்மாற்றங்களைத் தீமை என ஒதுக்குதல் பொருந்தாது. மெட்ரோ இரயிலும் கடைகளும் மர்பி டவுன் மக்களுக்கும் பயன்படுவனவே. ஆயின் இவை பொதுவெளிக் கலையின் மீது செலுத்தும் தாக்கம் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. சிலைக்குப் பின்னே உயரும் கண்ணாடிச் சுவரும் முன்னே நிறுத்தப்படும் விளம்பரப் பலகையும் சிலையைத் தொடுவதில்லை. அதன் காட்சியை அழிக்கின்றன. இதற்கு எதிராக வழக்குத் தொடுக்க எவருக்கும் எளிதில் இடம் இருப்பதில்லை.

சிலைக்கும் அதன் பின்புலத்துக்கும் உள்ள உறவைக் குமரி முனையின் வள்ளுவர் சிலையோடு ஒப்பிட்டு அறியலாம். வை. கணபதி ஸ்தபதி வடித்து, 2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட அச்சிலை 133 அடி உயரமுடையது. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறித்து 38 அடிப் பீடமும், பொருள், இன்பம் ஆகிய பால்களின் 95 அதிகாரங்களைக் குறித்து 95 அடிச் சிலையும் அமைந்தன. அறத்தின் மீதே பொருளும் இன்பமும் நிற்கின்றன என்னும் கருத்தைக் காண்போர் கரையிலிருந்தே உணர்வதற்குக் கடல் இடம் தருகிறது. பின்புலம் வானம் ஒன்றே. அச்சிலையின் பொருளில் அவ்வெளிக்கும் பங்குண்டு. ஆளுயர அளவினைச் சற்றே கடந்த நகரச் சிலைகளுக்கு இக்காப்பு இல்லை. அவற்றின் கடலும் வானமும் நகராட்சி ஒப்புதல் அளிக்கும் கட்டட வரைபடத்தைப் பொறுத்தே அமைகின்றன.

இடமாற்றம் பாதுகாப்பாகுமா?

இடநெருக்கடி எழும்போது முன்வைக்கப்படும் எளிய தீர்வு, சிலையை வேறிடத்திற்கு மாற்றுதல் என்பதாகும். இத்தீர்வினை மூன்று நிகழ்வுகளைக் கொண்டு மதிப்பிடலாம்.

முதலாவது, சென்னைக் கடற்கரைக் கண்ணகி சிலை. 1968 சனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவப்பட்ட பத்துச் சிலைகளுள் ஒன்றான அது 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு, 2006 சூனில் மீண்டும் நிறுவப்பட்டது. சிலை இல்லாத காலத்தில் அது குறித்து எழுந்த விவாதம், மக்கள் மனத்தில் சிலையும் இடமும் ஒன்றாகவே பதிந்திருந்தமையைக் காட்டியது. எஞ்சிய ஒன்பது சிலைகளோடு ஒரு தொடராக நின்று பொருள்தந்த வடிவம் அது. தொடரிலிருந்து பிரிந்தபோது தொடரே குறைப்பட்டது.

இரண்டாவது, அதே சாலையில் 2006இல் நிறுவப்பட்ட நடிகர் சிவாஜி கணேசன் சிலை. போக்குவரத்துக்கு இடையூறு என்னும் வழக்கில் நீதிமன்றம் அளித்த தீர்ப்பினை ஒட்டி 2017 ஆகஸ்டில் அகற்றப்பட்டு அடையாற்று மணிமண்டபத்தில் வைக்கப்பட்டது. சிலை பாதுகாப்பாகவே உள்ளது. ஆனால் வழிப்போக்கர் கண்ட பொதுவெளிக் கலை, தேடிச் செல்வோர் காணும் நினைவுப் பொருளாயிற்று.

மூன்றாவது, பெங்களூருவின் மார்க் கப்பன் சிலை. மாரொச்செட்டி வடித்த அக்குதிரைவீரர் சிலை நெடுங்காலம் உயர் நீதிமன்ற வளாகத்தில் நின்று, 2020இல் கப்பன் பூங்காவிற்கு மாற்றப்பட்டது. பூங்காவிற்கே கப்பனின் பெயர் அமைந்தமையால் இங்குச் சிலைக்கும் புதிய இடத்திற்கும் ஓர் இயைபு கிட்டியது. இடமாற்றம் எல்லா நிலையிலும் இழப்பாவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இம்மூன்றினின்றும் பெறப்படுவது, புதிய இடம் சிலைக்குப் பொருள் தருமாயின் மட்டுமே இடமாற்றம் பாதுகாப்பாகும் என்பதாம். அல்சூர் வள்ளுவர் சிலையின் பொருள், அச்சிலை அங்கேயே மூடப்பட்டிருந்து அங்கேயே திறக்கப்பட்டது என்பதில் உள்ளது. வேறிடத்தில் அது மற்றுமொரு வள்ளுவர் சிலையாக நிற்கும். 18 ஆண்டுக் காத்திருப்பின் சாட்சியாக நிற்காது. மேலும், பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் புதிய சிலைகளுக்கு ஒப்புதல் அளிக்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2013 சனவரி 18 அன்று பிறப்பித்த ஆணையும் கருதத்தக்கது. சாலையோரத்திலிருந்து ஒருமுறை அகற்றப்பட்ட சிலை அத்தகைய இடத்திற்கு மீள்வது இனி எளிதன்று.

சட்டத்தின் இடைவெளி

1958ஆம் ஆண்டின் தொல்பொருள் சின்னங்கள் சட்டம் நூறாண்டு நிறைந்தவற்றையே காப்புக்கு உரியனவாகக் கொள்கிறது. 1991இல் எழுந்த சிலை அவ்வெல்லைக்குள் வர நெடுங்காலம் ஆகும். நகரின் அழகியல் குறித்து அறிவுரை கூற 1976இல் தோற்றுவிக்கப்பட்ட பெங்களூரு நகரக் கலை ஆணையம் 2001இல் கலைக்கப்பட்டது. நகரம் மிக விரைவாக உயர்ந்த காலத்திற்கு அத்தகைய அமைப்பின் அறிவுரை கிட்டவில்லை.

கலைஞரின் உரிமை வழியே ஒரு காப்பு உண்டு. தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் அமைத்த வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் பெயர்க்கப்பட்டுச் சிதைந்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்கீழ்த் தில்லி உயர் நீதிமன்றம் 2005இல் அவருக்கு இழப்பீடும் சிற்பத்தின் எச்சங்களைத் திரும்பப் பெறும் உரிமையும் வழங்கியது. நியூயார்க்கு நகரின் ஐந்து முனை என்னும் பொருள்படும் பெயர்கொண்ட கட்டடத்தின் சுவரோவியங்கள், புதிய கட்டடத் திட்டத்தின் பொருட்டு 2013இல் வெள்ளையடித்து அழிக்கப்பட்டன. ஓவியர்களுக்கு 67 இலட்சம் டாலர் வழங்குமாறு 2018இல் தீர்ப்பாயிற்று. இவ்விரு தீர்ப்புகளும் போற்றத்தக்கன. ஆயினும் இரண்டும் அழிவுக்குப் பின் வந்தவை. இரண்டும் படைத்தவரின் உரிமையைப் பேசுபவை. சிலையைக் கண்டு வாழ்ந்த தெருவின் உரிமையை அவை பேசவில்லை. நடுகல் மரபிலோ கல்லைச் செதுக்கியவனைவிட அதனை வழிபட்ட ஊரே முன்நிற்கிறது.

ஊரின் பங்கு

ஊர் முன்வருமாயின் என்ன இயலும் என்பதற்கும் பெங்களூருவிலேயே சான்று உண்டு. எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் ஹெப்பாள் கிட்டய்யன் நடுகல் 2018இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டபோது, அதனை அருங்காட்சியகத்திற்கு அனுப்பாமல் அப்பகுதியிலேயே மண்டபம் எழுப்பிக் காக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. கன்னட எழுத்துப் பொறித்த அக்கல்லும் தமிழ்க் குறளாசிரியரின் சிலையும் ஒரே நகரின் உடைமைகள். ஒன்றைக் காக்கும் நெறி மற்றதற்கும் உரியதே.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். பொதுவெளிச் சிலைகள் அனைத்தையும் என்றென்றும் காத்தல் வேண்டுமோ? ஆங்கிலேயர் போர் நினைவாக நின்ற தூண் பெங்களூருவில் 1964இல் தகர்க்கப்பட்டது. ஆண்டோரின் வெற்றியை ஆளப்பட்டோரின் வீதியில் நிறுத்திய சின்னத்தை மக்கள் ஏற்கவில்லை. எனவே காத்தலுக்குரிய தகுதியைக் கல்லின் பழமை மட்டும் தந்துவிடாது. வாழ்த்தும் கூட்டம் உண்டா என்பதே வினா. அல்சூர்ச் சிலைக்கு அக்கூட்டம் உண்டு. அண்டை மொழியாரின் இசைவோடு திறக்கப்பட்டமையால் அக்கூட்டம் தமிழர் அளவில் நிற்பதும் அன்று.

அக்கூட்டத்தின் கடமைகளாக மூன்றினைக் குறிக்கலாம். சிலையின் வரலாற்றைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி அதன் அருகிலேயே நிறுத்துதல் முதலாவது. இளந்தலைமுறையினர் பலர் அது மூடப்பட்டிருந்த செய்தியை அறியாமலே கடந்து செல்லக்கூடும். எந்தெந்தத் திசையிலிருந்து சிலை தெரிய வேண்டும் என்பதை வரைபடமாக்கி, கட்டட ஒப்புதலின்போது கருத வேண்டிய நிபந்தனையாக மாநகர ஆட்சியின் முன் வைத்தல் இரண்டாவது. திருவள்ளுவர் நாளோடு சர்வக்ஞரையும் இணைத்து, மர்பி டவுன் போன்ற குடியிருப்புகளின் பள்ளிப் பிள்ளைகள் பங்குபெறும் நிகழ்வாக வாழ்த்தைத் தொடர்தல் மூன்றாவது.

முடிவுரை

சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்த செய்தியைக் காப்பியம் விரிவாகப் பேசுகிறது. அக்கல் நின்ற கோட்டம் இதுவே என ஐயமற நிறுவ இன்று ஆய்வுலகத்தால் இயலவில்லை. வாழ்த்துக் காதை மட்டும் படிக்கப்படுகிறது. கண்ணகிக்குக் காப்பியம் வாய்த்தது. அல்சூர் ஏரிக்கரைச் சிலைக்கு அத்தகைய காப்பியம் ஏதுமில்லை. அதனைச் சுற்றியுள்ள வெளியே அதன் காப்பியம். 18 ஆண்டுகள் திரைக்குப் பின் நின்ற சிலை மீண்டும் மறையுமாயின், அதனைத் திறந்து வைக்க எந்த முதலமைச்சரும் வர இயலாது. திரையை விலக்கலாம், கட்டடத்தை விலக்குதல் இயலாது. ஆகவே கட்டடம் எழுவதற்கு முன்பே பேசுதல் வேண்டும்.