தமிழ்க் களப்பெயர்களும் மண்டல விதிகளும்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

திருப்பூர் என்னும் ஊர்ப்பெயர் தமிழில் ஒரே வடிவில் எழுதப்படுகிறது. உரோமன் எழுத்திலோ பகர ஒலிக்கு ஓரெழுத்து இட்டும் ஈரெழுத்து இட்டும் இருவகையாக வழங்குகிறது. பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் தன் களப்பெயரில் ஊர்ப்பெயரைச் சேர்க்கும்போது, ஒரே நிறுவனத்துக்கு உரியனபோலத் தோன்றும் இரு முகவரிகளுக்கு இவ்வேறுபாடு இடமளிக்கிறது. களப்பெயர் தமிழிலேயே அமைந்தால் இக்குழப்பம் நீங்கும் எனக் கருத இடமுண்டு. அக்கருத்தின் பொருத்தப்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

மண்டலமும் அதிகார எல்லையும்

பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த டி.என்.எஸ். எனப்படும் களப்பெயர் முறைமை, பெயர்களை மண்டலங்களாகப் பகுத்து ஒவ்வொன்றின் பொறுப்பையும் தனித்தனியே ஒப்படைக்கிறது. வேர் மண்டலம் ‘இந்தியா’ என்னும் மேல்நிலைப் பெயருக்குரிய வழங்கிகளைச் சுட்டும். ‘இந்தியா’ மண்டலம் நிறுவனத்தின் வழங்கிகளைச் சுட்டும். இணையத்தளத்தின் எண்முகவரி, மின்னஞ்சலை ஏற்கும் வழங்கி, அந்நிறுவனத்தின் பெயரால் அஞ்சல் அனுப்பத் தகுதியுள்ள வழங்கிகள் ஆகியவற்றை நிறுவனத்தின் மண்டலமே அறிவிக்கும். ஆயின் இக்கட்டுப்பாடு தன் மண்டலத்துக்குள் அடங்கியது. ஒத்த தோற்றமுள்ள வேறொரு பெயரைப் பிறர் பதிவு செய்வதைத் தாய் மண்டலத்தின் பதிவு விதியே தடுக்க இயலும்.

ஒரு தோற்றம், இரு குறியீடு

தமிழ் நிறுவனப் பெயர்களில் ‘ஸ்ரீ’ மிகுதியாக வருகிறது. 2005இல் யூனிகோடில் ஶகரம் சேர்க்கப்பட்ட பின்னர், இவ்வடிவத்தை ஸகரத்தைக் கொண்டும் ஶகரத்தைக் கொண்டும் அமைக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ‘கௌரி’ என்பதை ஔகாரக் குறி இட்டும், எகரக் குறியை அடுத்து ளகரம் இட்டும் எழுதுகின்றனர். யூனிகோடின் சீர்மையாக்க விதிகள் இவ்விணைகளை ஒன்றாக்குவதில்லை. வினவலுக்கு முன் தமிழ்ப் பெயர் ஆஸ்கி எழுத்துத் தொடராக மாற்றப்படுவதால், கண்ணுக்கு ஒன்றான பெயர் முறைமைக்கு இரண்டாகிறது.

இதன் விளைவு எழுத்தியலோடு நிற்பதில்லை. வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக ஒத்த பெயரிலிருந்து வரும் மடலை நம்பி வாங்குவோர் பணம் செலுத்தினால், சரக்கு அனுப்பிய நிறுவனம் அத்தொகையை இழக்க நேரும். உரோமன் வடிவில் எழுத்தை எண்ணிப் பார்த்தேனும் வேறுபாட்டை அறியலாம். ‘ஸ்ரீ’யில் அதற்கும் வழியில்லை.

விதிகளின் எல்லை

ஐகான் அமைப்பின் கீழ் இயங்கிய நியோ-பிராமிக் குழு தமிழுக்கும் எழுத்து விதிகளை வகுத்தது. அவ்விதிகள் வேர் மண்டலத்தில் இடம்பெறும் மேல்நிலைப் பெயர்களுக்கே உரியவை. நிறுவனப் பெயர் பதிவாகும் இரண்டாம் நிலையை அவை கட்டுப்படுத்துவதில்லை. ‘இலங்கை’, ‘சிங்கப்பூர்’, ‘இந்தியா’ என்னும் மூன்று தமிழ் மண்டலங்களையும் வெவ்வேறு அமைப்புகள் நிருவகிக்கின்றன. எழுத்து ஒன்றாயிருக்க, எழுத்து விதி மண்டலந்தோறும் தனித்தனியே முடிவு செய்யப்படும் நிலை பொருத்தமுடையதன்று.

முடிவுரை

தமிழ்க் களப்பெயர் உரோமன் எழுத்துப்பெயர்ப்பின் குழப்பத்தை நீக்குகிறது. ஆயினும் கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு குழப்பத்தைக் கொண்டுவருகிறது. ஒத்த வடிவங்களை ஒரே உரிமையாளருக்கு ஒதுக்குவதும், இயலாதவிடத்துப் பதிவுக்கு அடைப்பதும் இதற்குத் தீர்வாகும். எவை ஒத்த வடிவங்கள் என்பதோ முதற்கண் எழுத்திலக்கணம் சார்ந்த வினா. அதனைப் பதிவு அமைப்புகளின் தொழில்நுட்பர்களிடம் மட்டும் விட்டுவிடாமல், மூன்று மண்டலங்களுக்கும் பொதுவான பட்டியலைத் தமிழாய்வுலகம் வகுத்தளிப்பது இன்றியமையாதது.