குரலுக்கு என்ன விலை?

'பிச்சோட்டா' என்று ஒரு வார்த்தை. நம் ஊரில் சத்தம் போட்டுச் சொன்னால் வேறு மாதிரி கேட்கும், ஜாக்கிரதை. போர்ட்டோ ரீகோ தெருபாஷையில் 'பிச்சோட்டே' என்றால் போதை மருந்து விற்கும் தாதா. ஆங்கில 'பிக் ஷாட்' மருவி வந்தது என்கிறார்கள். கொலம்பியாக்காரி கரோல் ஜி, கடைசி எழுத்தை மாற்றிப் பெண்பாலாக்கி 2020-ல் பாட்டாகவே வெளியிட்டார். தாதாவின் தொழிலை விட்டுவிட்டு கெத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

லத்தீன் ட்ராப் கேட்டிருக்கிறீர்களா? அட்லாண்டா பக்கம் பிறந்த ட்ராப் இசையின் ஸ்பானிஷ் வாரிசு. அடியில் பாஸ் வயிற்றைக் கலக்கும். மேலே பணம், போதை, பெண். காருக்கும் தங்கச் செயினுக்கும் நடுவில் அவளும் ஒரு சாமான். மலுமா 2016-ல் பாடிய 'குவாத்ரோ பேபிஸ்' பாட்டை நெட்டிலிருந்து எடுக்கச் சொல்லிக் கையெழுத்து இயக்கமே நடந்தது.

அடுத்த வருஷம் கரோல் ஜி, பேட் பன்னியோடு 'அஓரா மே யாமா' பாடினார். இதில் ஃபோன் பண்ணுகிறவன் அவன், முடிவெடுப்பவள் இவள். அர்ஜென்டினாவில் காசுவுக்குப் பட்டப்பெயரே 'ட்ராப்பின் முதலாளியம்மா'. பெண் விடுதலை என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அரை மனசுதான். ஆண்கள் அடித்த அதே தம்பட்டத்தை வாங்கி இவர்கள் அடிப்பதில் என்ன புதுசு? ஆனால் சொந்தக் காசைப் பற்றி ஒரு பெண் கூச்சமில்லாமல் பாடும்போது கேட்கத் தெம்பாக இருக்கிறது, மறுக்கவில்லை. 2023-ல் கரோல் ஜியின் ஆல்பம் அமெரிக்க பில்போர்டு 200-ல் நேராக முதலிடத்தில் நுழைந்தது. முழுக்க ஸ்பானிஷில் பாடி அதைச் சாதித்த முதல் பெண்.

என் சந்தேகம் வேறு இடத்தில். பேட் பன்னியின் 'யோ பெர்ரேயோ சோலா' (2020) ட்ராப் அல்ல, ரெக்கேட்டோன். 'தனியாவே ஆடுவேன், நீ தள்ளி நில்லு' ரகம். வீடியோவில் அவரே பெண் வேஷம் கட்டி ஆடினார். நல்ல மனசு. நானும் ரசித்தேன். ஆனால் அந்தப் பாட்டில் அந்த வரியைச் சொல்லும் பெண் குரல் நெஸி என்பவருடையது. முதலில் வந்தபோது பாட்டின் தலைப்பில் அவர் பெயரைக் காணோம்! அதே வருஷக் கடைசியில் ரீமிக்ஸ் வந்தபோதுதான், சீனியர் ஐவி க்வீன் பெயரோடு இவர் பெயரும் ஏறியது. பெண்ணுக்காகப் பேசும் பாட்டில் பேசிய பெண் யாரென்று முதல் நாளே போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்?

2023-ல் இன்னொன்று. பேட் பன்னியின் முன்னாள் காதலி ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். அவர் மேடைப் பெயரைத் தான் சொல்லி ஃபோனில் பதிந்து அனுப்பியதை, அனுமதியில்லாமல் இரண்டு பாட்டுகளில் சேர்த்துவிட்டார்கள் என்பது புகார். கேட்ட நஷ்டஈடு குறைந்தது 4 கோடி டாலர். அதிகப்படி என்று சிரித்தவர்கள் உண்டு. அந்தக் குரல் ஓரிரு நொடிதான் வரும். ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள், தவறவிடமாட்டீர்கள்.