குறிக்குள் அடங்காத சுரம்: துருக்கியச் செவ்விசையும் ஐந்துகோட்டுக் குறியீடும்

துருக்கியச் செவ்விசைக்கு இன்று பெருவழக்கிலுள்ள எழுத்துமுறை, ரவூஃப் யெக்தாவின் ஆய்வுகளை அடியொற்றி அரெல், எஸ்கி, உஸ்திலெக் ஆகியோர் 20ஆம் நூற்றாண்டில் நிலைநிறுத்தியதாகும். மேலைநாட்டு ஐந்துகோட்டுக் குறியீட்டை ஏற்ற அம்முறை, முழுச்சுர இடைவெளியை 'கொமா' எனும் 9 நுண்ணளவுகளாகப் பகுத்தது. 1, 4, 5, 8 கொமா ஏற்ற இறக்கங்களுக்குத் தனிக்குறிகள் வகுத்தது. இதன்படி ஒரு ஸ்தாயியில் சமமற்ற 24 இடைவெளிகள் அமைகின்றன.

இம்முறையின் எல்லை உஷ்ஷாக் மகாமில் புலப்படுகிறது. ராஸ்ட், உஷ்ஷாக் ஆகிய இரு மகாம்களிலும் செகாஹ் சுரம் 1 கொமா இறக்கக் குறியாலேயே எழுதப்படுகிறது. ஆயினும் உஷ்ஷாக்கில், சிறப்பாக இறங்குமுகத்தில், கலைஞர்கள் அதனை எழுதியதினும் தாழ்த்தியே இசைக்கின்றனர். ஏட்டை மட்டும் நம்பிப் பயிலும் மாணவர்க்கு அம்மகாமின் தனித்தன்மை கிட்டாது.

புதிய குறிகளைச் சேர்த்தால் இக்குறை நீங்கும் எனும் கருத்து ஏற்புடையதன்று. அச்சுரம் நிலையான புள்ளியன்று. இசை செல்லும் திசைக்கேற்ப நகர்வது. அதன் இடத்தை உணர்த்துவது, ஆசிரியர்முன் அமர்ந்து கேட்டுப் பயிலும் 'மெஷ்க்' மரபே. எனவே குறை கோடுகளில் இல்லை. நினைவுக்குத் துணையாக வேண்டிய ஏட்டைச் சுரத்தின் அளவுகோலாகக் கொள்ளும் வாசிப்பிலேயே உள்ளது.